சிவப்புக் கோடு விழுந்த கப்பல்

எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, தூரதேசம் போனவர்களுக்காக ஜெபிப்பது வழக்கம். குளச்சலுக்கும் மணவாளக்குறிச்சிக்கும் நடுவே இருந்த சின்னச் சபை அது. வீட்டுக்கு ஒருவராவது வெளியே போயிருந்தார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் ஒருவர் கணக்கப்பிள்ளை, ரங்கூனில் ஒருவர் கம்பவுண்டர், பினாங்கில் இரண்டு பேர் ரப்பர் தோட்டத்தில். உபதேசியார் நீளமான ஒரு பதிவேட்டைப் பிரித்துவைத்து, ஆளின் பெயரையும் அவர் இருக்கிற ஊரின் பெயரையும் சேர்த்து வாசிப்பார். ஊர் இல்லாமல் பெயரை மட்டும் வாசிக்க அவருக்கு மனம் ஒப்பாது.

"விலாசம் இல்லாத ஜெபம் எங்க போய்ச் சேரும்?" என்பார். கர்த்தருக்குத்தான் எல்லாம் தெரியுமே என்று யாராவது சொன்னால், "அவருக்குத் தெரியும். நாம தெளிவாச் சொல்லணும்லா?" என்று வாயை அடைத்துவிடுவார்.

அந்த உபதேசியார் என் மாமனார். அந்தப் பதிவேட்டில் ஊர் இல்லாமல் இருந்த ஒரே ஆள் அவருடைய மகன், அதாவது என் கணவர். கப்பலில் சமையல் வேலைக்குப் போனவருக்கு எந்த ஊரை எழுதுவது? மாமனார் இரண்டு நாள் யோசித்துவிட்டு, ஊர் எழுதவேண்டிய கட்டத்தில் கப்பலின் பெயரை எழுதினார். பத்து வருஷம் என்னைப் போட்டு ஆட்டிய குழப்பம் அந்தக் கட்டத்தில்தான் தொடங்கியது.

அவர் கப்பலுக்குப் போனதே அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டுதான். மகனையும் உபதேசியாராக்கிவிட வேண்டும் என்று மாமனார் நினைத்திருந்தார். மகனுக்கோ அடுப்படியில்தான் கண். சபையில் வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் அசனத்தில் நானூறு பேருக்குச் சோறும் கறியும் ஆக்கிப் போட்டவர் அவர். கல்யாணமாகி மூன்றாம் மாதம் அந்த அசனம் வந்தது. கை நிறைய மஞ்சளோடு வந்து என்னிடம், "உப்பு எப்படி இருந்து?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் மாமனார் வெறி பிடித்தவர்போல் கத்தினார். "உபதேசியாருக்க மவன் ஊரு கூடிப் பாக்கச் சட்டி வழிக்குதான்! வேதம் படிக்கச் சொன்னா வெங்காயம் உரிக்குதான்!"

மறுவாரம் என் கணவர் கொழும்புக்குப் போய்விட்டார். போகும்போது, "ஒரு வருசம் பிள்ளே. அதுக்குள்ள அப்பா தணிஞ்சிருவாவ" என்றார். நான் அப்போது பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்திச்சி. ஒரு வருஷத்துக்கு எத்தனை நாள் என்று எனக்குத் தெரியாதா என்ன? சரி என்று விட்டுவிட்டேன்.

ஐந்தாம் மாதம் முதல் கடிதம் வந்தது. கொழும்புத் துறைமுகத்தில் சும்மா திரிந்தவரை ஒரு சரக்குக் கப்பலில் சமையலுக்கு எடுத்துக்கொண்டார்களாம். கப்பலின் பெயரை ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். யுத்தம் என்று பொருள்படும் சொல்லில் அது தொடங்கியது. நான் படித்துச் சொன்னதும் மாமனார் எழுந்தே நின்றுவிட்டார்.

"படைக் கப்பலா!"

"சரக்குக் கப்பல்னுதான் மாமா எழுதியிருக்காவ. ஜெர்மன் சண்டைதான் முடிஞ்சு போச்சே."

"முடிஞ்சா கப்பல ஒடச்சா போடுவாவ? அடுத்த சண்டைக்கு வச்சிருப்பாவ."

அந்த மாதத்திலிருந்து சபையில் அவருக்குப் படைவீரர்களுக்கான ஜெபம் ஏறெடுக்கப்பட்டது. அடுப்படியில் நின்றதற்காகத் திட்டு வாங்கிய மகன் ஒரே கடிதத்தில் வீரனாகிவிட்டான். மாமனார் தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். நானும் அதைக் கெடுக்கவில்லை.

அந்தக் கடிதத்தில் எனக்குப் பிடித்தது வேறு ஒரு விஷயம். யுத்தத்தில் கப்பல்கள் மூழ்க மூழ்க, அவசர அவசரமாகக் கட்டிய கப்பல்களில் ஒன்றாம் இது. தகடுகளை எங்கெங்கோ தொழிற்சாலைகளில் வெட்டி, ரயிலில் கொண்டுவந்து, துறையில் வைத்து ஆணியடித்துச் சேர்த்தார்களாம். வளைத்துச் செய்ய நேரமில்லாததால் எல்லாமே நேர்கோடு. "பெரிய இரும்புப் பெட்டியில் உட்கார்ந்து கடலில் போகிறோம் என்று நினைத்துக்கொள்" என்று எழுதியிருந்தார். அத்தனை அவசரமாகக் கட்டியும் அது கடலில் இறங்குவதற்குள் யுத்தம் முடிந்துவிட்டதாம். சமையலறையில் அடுப்புக்கு மேலே இருக்கும் சுவரில் ஓர் ஆணி வரிசை மட்டும் கோணலாக இறங்குகிறதாம். ஐந்தாவது ஆணிக்குத் தலையே இல்லையாம். யாரோ தூக்கக் கலக்கத்தில் அடித்திருப்பான், அந்த இடத்தில் ஒரு கம்பியை வளைத்து அகப்பையை மாட்டியிருக்கிறேன் என்று எழுதியிருந்தார். நான் அதைப் பலமுறை படித்தேன். யாரென்றே தெரியாத அந்த ஆணிக்காரன்மேல் எனக்குப் பிரியம் உண்டானது.

ஒரு வருஷம் போயிற்று. அவர் வரவில்லை. இரண்டாம் கடிதம் வந்தது. அதில் கப்பலின் பெயர் வேறாக இருந்தது. ஏதோ ஒரு நதியின் பெயர். முன்னதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கோதுமை ஏற்றினோம், நிலக்கரி ஏற்றினோம், குளிரில் கை மரத்துப்போகிறது என்று அவர் பாட்டுக்கு எழுதியிருந்தார். "ஏன் என் கடிதத்துக்குப் பதில் இல்லை?" என்று ஒரு வரி. நான் நாலு கடிதம் எழுதியிருந்தேன், நாலும் பழைய கப்பலின் பெயருக்கு. அதற்குமேல் ஒரு வரி: "அகப்பையை ஐந்தாவது ஆணியிடத்தில் மாட்டும்போதெல்லாம் உன்னிடம் சொன்னது நினைவுக்கு வரும்."

எனக்குத் தலை சுற்றியது. இரண்டு கப்பலிலும் எப்படி அதே ஐந்தாவது ஆணி தலையில்லாமல் இருக்கும்? எல்லாக் கப்பலையும் ஒரே தூங்குமூஞ்சியா ஆணியடித்தான்? நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்க வேண்டும். மாமனாரிடம் காட்டினேன். இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார்.

"மக்ளே, இவன் கப்பல்லயே இல்ல" என்றார் கடைசியில். "எங்கயோ கரையில இருந்துட்டு கத எழுதுதான். மொதல்ல எழுதின பொய்ய மறந்துட்டு மறுபடியும் அதையே எழுதிட்டான்."

அந்த முதல் ஞாயிறு மாமனார் மகன் பெயரை எடுத்ததும் சற்று நிறுத்தினார். பிறகு இரண்டு கப்பலின் பெயரையும் வாசித்தார். பொய் என்று நினைத்தாலும் ஜெபத்தில் விட்டுவிட அவருக்குத் துணிச்சல் இல்லை. பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. கோயிலில் ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் ஒருத்தி, "ஒரு ஆளு ரெண்டு கப்பல்ல எப்படிப் போவும் டீச்சரம்மா? ஒரு காலு இதுல, ஒரு காலு அதுலயா?" என்று கேட்டாள். எனக்கு அவளை அறையவேண்டும் போலிருந்தது. ஆனால் அதே கேள்வியைத்தான் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதன்பிறகு மூன்று வருஷம் ஒன்றுமில்லை; நதியின் பெயருக்கு நான் எழுதிய கடிதங்களுக்கும் பதில் இல்லை. பிறகு மூன்றாம் கடிதம் வந்தது. அதில் அனுப்பியவர் விலாசத்தில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் பெயர். கடிதத்துக்குள்ளே கப்பல் என்ற சொல்லே இல்லை. அன்று மாலைக்குள் ஊர் முழுக்க விஷயம் பரவியது. உபதேசியாருக்க மகன் எவளோ ஒருத்தி வீட்டில் இருக்கிறானாம்! தபால்காரரைச் சும்மா சொல்லக்கூடாது, வீடு வீடாக நின்று போயிருக்கிறார். அந்தப் பெண் பெயர் ஒரு கப்பலின் பெயராகவும் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் மூன்றாவது ஒரு கப்பலா? கப்பலுக்குக் கப்பல் தாவுகிறவருக்கும், ஒருத்தி வீட்டில் இருக்கிறவருக்கும் எவ்வளவு வித்தியாசம்? பாதி நாள் அவரை நம்பினேன், பாதி நாள் திட்டினேன். சில நாள் ஒரே மணி நேரத்தில் இரண்டும் நடந்தது.

அந்தக் கடிதம் நாலே வரிதான். "எத்தனையோ எழுதிவிட்டேன். உன்னிடமிருந்து ஒரு எழுத்துகூட வரவில்லை. உனக்கும் அப்பாவுக்கும் மனமிருந்தால் ஒரு வார்த்தை எழுது. வரட்டுமா?"

நான் கோபத்தில் இரண்டு வாரம் பதில் போடவில்லை. இன்றுவரை அந்த இரண்டு வாரத்தை நினைத்தால் எனக்கு என்மேல் ஆத்திரம்தான் வரும். பிறகு ஒரு தாளை எடுத்து, நடுவில் "வாங்க" என்று ஒரே ஒரு வார்த்தை எழுதி, அந்த வெள்ளைக்காரப் பெண்ணின் பெயரையே விலாசமாகப் போட்டு, உறையின்மேல் அவர் குறித்திருந்த துறைமுகத்துக்கு அனுப்பினேன். ஒன்றரை வருஷம் கழித்து அந்த உறை அப்படியே திரும்பி வந்தது. ஒட்டியது ஒட்டியபடி இருந்தது. உறையின்மேல் இடமில்லாத அளவுக்கு முத்திரைகள். எந்தெந்த ஊர்த் தபால்காரர்களோ நீலத்திலும் கறுப்பிலும் கோடு போட்டு, இப்படி ஒரு கப்பல் இல்லை என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள்.

அவர் "வரட்டுமா?" என்று கேட்டார். நான் "வாங்க" என்று சொன்னேன். அது அவருக்குப் போய்ச் சேரவில்லை. எனக்கு அதற்குப் பிறகு உலகத்தில் வேறு எதுவும் பெரிதாகத் தெரியவில்லை. அந்த ஒரு வார்த்தையை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்பதுதான் தெரியவில்லை.

இப்படி ஒரு கப்பல் இல்லை என்றால் என்ன அர்த்தம் என்று கேட்க, நானும் மாமனாரும் குளச்சலுக்குப் போனோம். அங்கே கப்பல்களுக்குச் சரக்கு ஏற்றி இறக்கும் ஏஜெண்ட் ஆபீஸில் ஒரு கிளார்க் இருந்தார். குளச்சல் ஊர்க்காரர், முஸ்லிம், நல்ல மனிதர். உலகத்துக் கப்பல்களையெல்லாம் எழுதிவைத்த தடித்த புத்தகம் ஒன்று அவரிடம் இருந்தது. பழைய புத்தகம்தான். பம்பாய் ஆபீஸில் பார்த்து முடித்து, அவர்கள் கையால் திருத்தங்கள் போட்டு இங்கே தள்ளிவிட்டது. அவருக்கு வருகிற கப்பலின் நீளம் ஆழம் பார்க்கத்தான் அது தேவைப்பட்டது. நான் மூன்று கப்பலின் பெயரையும் சொன்னேன்; முதலாவதும் மூன்றாவதும் அந்தப் பழைய புத்தகத்தில் இல்லை. நதியின் பெயரை மட்டும் தேடி எடுத்துக் காட்டினார். அந்த வரியின்மேல் நீளமாக ஒரு சிவப்புக் கோடு.

கிளார்க் உதட்டைப் பிதுக்கினார். "இந்தக் கோடு எதுக்குன்னு எனக்குத் தெரியல்ல உபதேசியாரே. இப்பம் அந்தக் கப்பல் கணக்குல இல்லன்னு அர்த்தம். அவ்வளவுதான் சொல்ல முடியும்."

மாமனாருக்கு அதற்குமேல் ஒன்றும் தேவைப்படவில்லை. எங்கள் சபைப் பதிவேட்டில் ஒருவர் இறந்துபோனால் அவர் பெயரின்மேல் சிவப்பு மையில் ஒரு கோடு இழுப்பார்கள். முப்பது வருஷமாக அந்தக் கோடுகளை இழுத்தவர் அவர். சிவப்புக் கோட்டுக்கு அவருக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றே ஒன்றுதான். எனக்கும் அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் தப்பான விடைமேல் தினமும் சிவப்புக் கோடு போடுகிற எனக்கு, அந்த நேரத்தில் ஏனோ அது ஞாபகம் வரவில்லை.

"கப்பலு கடல்ல தாந்து போச்சு" என்றார் மாமனார். வீட்டுக்கு வந்து பதிவேட்டை எடுத்தார். அடிக்கோலை வைத்து, மகனின் பெயர்மேல் சிவப்புக் கோடு இழுத்தார். கோடு பாதியில் நெளிந்தது. மறுபடி அதன்மேலேயே அழுத்தி இழுத்தார்.

"அது அவர் இருந்த பழைய கப்பல்தானே மாமா? அதுக்குப் பொறகு மூணாவது கடிதாசி வந்துல்லா?" என்று கத்தினேன்.

"மூணாவது பேருக்குப் போன கடிதாசியும் இல்லன்னு திரும்பி வந்தாச்சு. இன்னும் எத்தன கப்பலு தேடணும் மக்ளே?"

அன்று அவரை நான் வெறுத்தேன். பெற்ற பிள்ளையைக் கோடு போட்டு அடிக்கிறாரே! ஆனால் சில மாதத்தில் ஒன்றைக் கவனித்தேன். மகன் ஒருத்தி வீட்டில் இருக்கிறான் என்று ஊர் பேசியபோது கூனிப்போயிருந்த மனிதர், அவன் கடலில் போய்விட்டான் என்று ஆனபிறகு நிமிர்ந்து நடந்தார். வருஷக் கடைசி ஞாயிறு, கர்த்தருக்குள் நித்திரையடைந்தவர்களின் பெயர்களை வாசிக்கும்போது மகனின் பெயரை உரக்க வாசித்தார். பொய்க்காரனுக்குத் தகப்பனாக இருப்பதைவிட இறந்தவனுக்குத் தகப்பனாக இருப்பது அவருக்கு லேசாக இருந்திருக்கிறது. இது எனக்குப் புரிந்தபோது என்னால் அவரை முழுதாக வெறுக்கவும் முடியவில்லை.

என்னை வெள்ளைச் சேலை கட்டச் சொன்னார்கள். கட்டினேன். தாலியைக் கழற்றச் சொன்னார்கள். அதை மட்டும் மாட்டேன் என்றேன். ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனேன். விதவைகள் உட்காரும் பக்கத்தில் உட்கார்ந்தால் அவர்கள் என் கழுத்தைப் பார்த்தார்கள். மற்றப் பெண்களின் பக்கத்தில் உட்கார்ந்தால் என் சேலையைப் பார்த்தார்கள். நான் யார் என்று எனக்கே தெரியாதபோது அவர்களுக்கு என்ன பதில் சொல்வது? கடைசியில் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்துகொண்டேன்.

அப்படியே வருஷங்கள் போயின. மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கறுப்பு மணலை வெள்ளைக்காரர்கள் அள்ளிச் சலித்து மூட்டை கட்டி அனுப்பத் தொடங்கியிருந்தார்கள். கடல் அமைதியான மாதங்களில் கப்பல்கள் குளச்சலுக்கு வந்து, கரையிலிருந்து தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். வள்ளங்களில் மூட்டையைக் கொண்டுபோய் ஏற்றுவார்கள். எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து பார்த்தால் புகை தெரியும். நான் பார்ப்பதில்லை.

ஒருநாள் மத்தியானம் அந்த ஆபீஸ் கிளார்க் வேர்த்து விறுவிறுத்து பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். வகுப்பு வாசலில் நின்றபடியே, "டீச்சரம்மா, நீங்க மொதல்ல சொன்ன அந்தச் சண்டைக் கப்பலு பேரு என்னது?" என்று கேட்டார்.

சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அப்பம் அதுதான். மணல் ஏத்த ஒரு கப்பல் வந்து நிக்கி. பேரு என்னமோ ஒரு புண்ணியவானுக்க பேரு. காயிதம் வாங்க மேல ஏறுனேன். மணி தொங்குதுல்லா, அதுல பழைய பேரு வெட்டியிருக்கு. நீங்க சொன்ன அதே பேரு. இது என்னன்னு கேட்டேன். கப்பல் கை மாறும்போதெல்லாம் பேர மாத்துவாவளாம், மணிய மட்டும் மாத்த மாட்டாவளாம். நடுவுல ஒரு ஆத்துப் பேரும் ஒரு பொண்ணுக்க பேரும் இருந்துதாம். நாலு பேரும் ஒரே கப்பலுக்க பேரு டீச்சரம்மா! அந்தச் சிவப்புக் கோடு, வித்தாச்சுன்னு போட்ட கோடு. எனக்குத் தெரியாமப் போச்சே!"

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. கரும்பலகையில் எழுதியிருந்த கணக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன். நாலு கப்பல் ஒரு கப்பலானால், பொய் சொன்னவர் பொய் சொல்லவில்லை, தாவினவர் தாவவில்லை, இறந்தவர் இறக்கவில்லை. எதை முதலில் நினைப்பது என்று தெரியவில்லை. "ஆளு இருக்காவளா?" என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை.

மாமனாரையும் அழைத்துக்கொண்டு வள்ளத்தில் போனோம். அலை தூக்கித் தூக்கிப் போட்டது. பக்கத்தில் போனதும் நிமிர்ந்து பார்த்தேன். வளைவே இல்லாத இரும்புச் சுவர். பெரிய பெட்டி என்று அவர் எழுதியது சரிதான். முன்பக்கத்தில் புண்ணியவானின் பெயர் வெள்ளையாக இருந்தது. சாய்வான வெயிலில், அந்த வண்ணத்துக்குக் கீழே பழைய எழுத்துகள் மேடு மேடாகத் தெரிந்தன. ஒன்றின்மேல் ஒன்றாக எழுதியதால் எதையும் வாசிக்க முடியவில்லை.

மேலே எங்களைச் சந்தித்தவர் தேங்காய்ப்பட்டணத்துக்காரர். அந்தக் கப்பலில் நெருப்புக்கு நிலக்கரி அள்ளிப் போடும் வேலை. முதல் பெயரிலிருந்து நாலாம் பெயர்வரைக்கும் அதிலேயே இருந்தவர்.

"எங்களுக்கு அது ஒரே கப்பல்தான்மா" என்றார். "மொதல்ல கவர்மென்ட் வித்துது, ஒரு வெள்ளக்காரன் வாங்கி ஆத்துப் பேரு வச்சான். பொறகு கிரேக்கக்காரன் வாங்கி மவளுக்க பேரு வச்சான். இப்பம் இவன். ஒவ்வொரு வாட்டியும் ரெண்டு பேரு கயித்துல தொங்கிட்டு நாலு மணி நேரம் பெயிண்ட் அடிப்பானுவ. அவ்வளவுதான். அதப்போய் யாரு வீட்டுக்கு எழுதுவா?"

ஆமாம், யார் எழுதுவார்கள்? ஒரு வரி. பத்து வருஷத்தில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் போதும். எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. "எனக்க வீட்டுக்காரர் எங்க?" என்று கேட்டேன்.

அவர் முகம் மாறியது. மாமனாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கொழும்புல எறங்கிட்டாரு. பதினஞ்சு நாளாச்சு. அடுத்தாப்புல குளச்சலுன்னு சொன்ன அண்ணைக்கே எறங்கிட்டாரு. 'எழுதிக் கேட்டேன், பதில் வரல்ல. நேர்ல போய் நின்னு வேண்டாம்னு சொல்லக் கேக்கணுமா'ன்னு சொன்னாரு. நாங்க எவ்வளவோ சொல்லிப் பாத்தோம்."

வீட்டை விட்டுப் போனவர், வீட்டு வாசலுக்கு வருகிற கப்பலைவிட்டு இறங்கிப் போயிருக்கிறார். என் ஒரு வார்த்தை அவரைப் போய்ச் சேராததனால்.

சமையலறையைப் பார்க்கலாமா என்று கேட்டேன். அழைத்துப் போனார். புதிய சமையல்காரன் ஒதுங்கி நின்றான். அடுப்புக்கு மேலே சுவரில் ஆணி வரிசை கோணலாக இறங்கியது. ஐந்தாவது ஆணிக்குத் தலை இல்லை. வளைத்த கம்பியில் ஓர் அகப்பை தொங்கியது. நான் தொடுவதற்கு முன்னால் மாமனார் கையை நீட்டினார். ஒன்று, இரண்டு என்று விரலால் தொட்டுக்கொண்டே போய் ஐந்தாவதில் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றினார். கரைக்கு வரும்வரை போட்டுக்கொள்ளவே இல்லை. வள்ளத்தில் இறங்கும்போது நானும் கிளார்க்குமாக அவரைப் பிடித்து இறக்கினோம். மணலில் கால் வைத்ததும் கேட்டார்.

"மக்ளே, சிவப்பு மைய எப்படி அழிக்கது?"

கிளார்க்தான் வழி சொன்னார். அவருடைய புத்தகத்தில் ஏதாவது மாறினால் அதே அளவுக்குத் துண்டுத்தாள் வெட்டி மேலே ஒட்டி எழுதுவார்களாம். மாமனார் வீட்டுக்கு வந்ததும் கஞ்சிப் பசை காய்ச்சச் சொன்னார். துண்டுத்தாளை ஒட்டி, காயும்வரை ஊதிக்கொண்டிருந்துவிட்டு, மகனின் பெயரைத் திரும்ப எழுதினார். பக்கத்துக் கட்டத்தை வெறுமையாக விட்டார்.

நான் கொழும்புக்குப் போகிறேன் என்றேன். தானும் வருகிறேன் என்றார். "நீங்க வந்தா அவிய அங்கயிருந்தும் எறங்கிப் போயிருவாவ மாமா" என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் அவர் கோபப்படவில்லை. தூத்துக்குடிக்குப் போகும் வண்டியில் என்னை ஏற்றிவிட்டு, ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஏறப்போற கப்பலுக்க பேரப் பாத்து ஒடனே எழுது மக்ளே. ஒண்ணாம் ஞாயிறு வருது. நான் வாசிக்கணும்லா?"

எழுதுகிறேன் என்றேன்.

கொழும்புத் துறைமுகத்துக்குப் பக்கத்தில், நம் பக்கத்து ஆட்கள் தங்குகிற ஒரு சாப்பாட்டுக் கடையைத் தேங்காய்ப்பட்டணத்துக்காரர் சொல்லியிருந்தார். பின்பக்கம் போனேன். தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். முன்தலையில் முடி போய்விட்டது. கழுத்து மெலிந்திருந்தது. நான் ஆளைப் பார்த்து அடையாளம் கண்டேனா, வெங்காயம் உரிக்கிற விதத்தைப் பார்த்தா என்று இப்போதும் தெரியவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்தார். மாற்ற நினைக்காமல் கட்டிக்கொண்டு வந்துவிட்ட என் வெள்ளைச் சேலையைப் பார்த்தார். "அப்பாவுக்கா?" என்று கேட்டார். வேறு யாருக்காக நான் அதைக் கட்டியிருக்கிறேன் என்று அவருக்கு எப்படித் தோன்றும்?

"அப்பா நல்லா இருக்காவ" என்று மட்டும் சொன்னேன். பத்து வருஷமாக மனதில் சேர்த்துவைத்திருந்த திட்டில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. பையிலிருந்து அந்த உறையை எடுத்து நீட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். முத்திரைகளையும் கோடுகளையும் ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூன்றாவது பெயரை விரலால் தடவினார். பெயர் மாறியது எங்களுக்குத் தெரியாது என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. பிறகு ஒட்டியிருந்ததைப் பிரித்தார். அந்த ஒரு வார்த்தையை வெகுநேரம் படித்தார்.

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கேட்டார். "எந்தக் கப்பல்ல வந்த பிள்ளே?"

கப்பல் பெயர்களால் பத்து வருஷம் பாழாய்ப் போனவள், நான் ஏறிவந்த கப்பலின் பெயரைப் பார்க்கவில்லை. "பாக்கல்ல" என்றேன்.

"பாக்கல்லியா? அப்பா கேட்டிருப்பாவளே, வாசிக்கதுக்கு!"

"கேட்டாவ."

அவர் உரித்த வெங்காயத்தை அப்படியே போட்டுவிட்டு, "வா, வா, போய்ப் பாத்துருவோம்" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார். பட்டப்பகலில், கடைக்காரர்கள் பார்க்க, வெங்காய வாசத்தோடு இரண்டு பேரும் துறைமுகத்துக்கு ஓடினோம். நான் வந்த கப்பல் போய்விட்டிருந்தது. தூரத்தில் புகை மட்டும் தெரிந்தது.

தபாலாபீஸில் ஒரு கார்டு வாங்கினோம். கப்பலின் பெயருக்கு என்ன எழுதுவது என்று பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தார். பிறகு அதை விட்டுவிட்டு, கார்டின் நடுவில் ஒரே ஒரு வார்த்தை எழுதினார்: வாறோம்.